கடி ஈயும் கல்யாணச் சஹனும்

காலை பத்து மணிக்கு ஆலங்குடாவில் ஒரு பெண் தன் பின்வளவில் தனியாக ஆடிக்கொண்டிருந்தால் அது கமறியாவாகத்தான் இருக்க வேண்டும். வலது கையில் நுளம்பு அடிக்கிற மின்சார பேட், இடது கையில் அகப்பை, தோளில் நழுவிக்கொண்டிருக்கும் முந்தானை, வாயில் ஓயாத வசவு என்றால் சந்தேகமே வேண்டாம். ஒரு காலைத் தூக்குவாள். மற்றக் காலைத் தூக்குவாள். ஒரு சுற்றுச் சுற்றி பேட்டை வீசுவாள். பட்டென்று ஒரு பொறி பறக்கும். "செத்தியா!" என்பாள். அடுத்த நொடியே கணுக்காலைப் பிடித்துக்கொண்டு "ஆ!" என்பாள். ஒன்று சாகிற நேரத்துக்குள் நாலு கடித்துவிடும். நிலைமை இவ்வளவு மோசமாக இருந்தும் அவள் சிரித்துக்கொண்டேதான் ஆடினாள்.

அந்த ஈ பார்வைக்கு நம் சோற்றுத் தட்டில் உட்காருகிற சாதாரண ஈ மாதிரித்தான் இருக்கும். சாதுவாக வந்து காலில் உட்காரும். பாவம், களைத்துப்போய் வந்திருக்கிறது என்று நாம் விட்டுவைத்தால் ஊசியால் குத்தின மாதிரி ஒரு கடி. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்த அன்று, கமறியாவின் பின்வளவில் அப்படி ஆயிரக்கணக்கில் இருந்தன.

கமறியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பெரிய ஆள் ஒன்றும் இல்லை. புருஷன் அபூசாலி ஒரு லேண்ட்மாஸ்டர் டிராக்டர் வைத்து வெங்காயமும் தேங்காயும் ஏற்றி இறக்குகிறவர். வளவில் பதினாறு தென்னை, ஐந்து ஆடு, எண்ண முடியாத கோழி. ஆனால் கற்பிட்டியிலிருந்து பாலாவி வரைக்கும் அவளைத் தெரியாத பெண்கள் குறைவு. காரணம் அவளுடைய சிரிப்பு. அது வந்தால் நிற்காது, இடம் பொருள் பார்க்காது. அவளுடைய நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க வந்த சாட்சிக்காரர்களில் ஒருவருக்குத் தொப்பி சரிந்து கண்ணை மறைத்துவிட்டது. அவ்வளவுதான், மணப்பெண்ணுக்குப் பிடித்துக்கொண்டது. வெட்கத்தில் வாய் திறக்காத பெண்ணைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம், இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறவளை எதில் சேர்ப்பது என்று லெப்பை கொஞ்ச நேரம் திண்டாடிப் போனார். உள்ளே இருந்து வாப்பா சத்தம் போட்ட பிறகுதான் அவள் "ஓம்" என்றாள். அதையும் சிரிப்போடுதான் சொன்னாள்.

இந்தச் சிரிப்புதான் அவளிடமிருந்து தங்கச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனது. தங்கச்சி மபாஸா கனமூலையில் வாழ்க்கைப்பட்டவள். பதினொரு வருஷத்துக்கு முன் அவளுடைய மகன் அஃப்ராஸுக்குச் சுன்னத்துக் கல்யாணம் நடந்தது. சஹன் வைத்துச் சாப்பாடு. ஒரே பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆறு கையும் ஒன்றாக வைத்துச் சாப்பிடுவது. கமறியா ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு, "இந்த ஆடு மாப்பிள்ளய விட வயசுக்கு மூத்தது போல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சஹனே சிரித்தது. பந்தலே சிரித்தது. மபாஸாவின் மாமியார் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

அந்த மாமியார் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மருமகள் எது சமைத்தாலும், "ஒன்ட ராத்தாவக் கூப்பிட்டு வயசு கேப்பமா?" என்று எட்டு வருஷம் குத்தினார். மௌத்தாகும் வரை குத்தினார். இது கமறியாவுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. தெரிந்தபோது அவள் சிரிக்கவில்லை. அதற்குள் மபாஸா அக்காவை அழைக்கிற "ராத்தா" என்ற சொல்லையே தன் வாயிலிருந்து எடுத்து எறிந்திருந்தாள். தொலைபேசியில் குரல் கேட்டால் வைத்துவிடுவாள். உம்மா மௌத்தான வீட்டில் இரண்டு பேரும் ஒரே அறையின் இரண்டு சுவரில் சாய்ந்துகொண்டு தனித்தனியாக அழுதார்கள். அன்றைக்கு எழுந்து போய்த் தங்கச்சியின் கையைப் பிடிக்காமல் விட்டதுதான் கமறியாவின் வாழ்க்கையில் சிரித்து மறக்க முடியாத ஒரே விஷயம்.

இப்போது கமறியாவின் மகள் ஷஸ்னாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை றஸீன் கற்பிட்டியில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிற நல்ல பிள்ளை. சாப்பாட்டை எங்கே வைப்பது என்பதில்தான் புருஷனும் பெண்சாதியும் முட்டிக்கொண்டார்கள்.

"மண்டபத்துலயே வெச்சிருவோம் புள்ள" என்றார் அபூசாலி. "காத்தாடி இரிக்கும், கதிர இரிக்கும், நமக்கும் அலுப்பு இல்ல."

"இஞ்சருங்க, கதிர போட்டா மபாஸா ஒரு மூலையில இரிந்து தின்னுட்டு எழும்பிப் போயிருவா. என்ட மொகத்தையே பாக்க மாட்டா. சஹன்ல இரிந்தாத்தான் முழங்காலும் முழங்காலும் முட்டும். ஒரு தாம்பாளத்துல கைய வெச்சவ எப்பிடிக் கதைக்காமப் போவா?"

"அவ வந்தாத்தானே?"

அபூசாலி கேட்டது சரியான கேள்வி. ஆகவே அந்தக் கேள்வியை அவர் தலையிலேயே கட்டி, கனமூலைக்கு அழைப்புச் சொல்ல அவரையே அனுப்பினாள் கமறியா. லேண்ட்மாஸ்டரில் போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், இறங்கி, வாளியில் முகம் கழுவி, துடைத்து, வெற்றிலை போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். அதற்குள் கமறியாவுக்கு உயிர் பாதி போய்விட்டது. மபாஸா சொல்லி அனுப்பியது இதுதான்: வருகிறேன், ஷஸ்னா என் பிள்ளை, சாப்பிடுவதைப் பற்றி வந்து பார்ப்போம். கமறியாவுக்கு அது போதும். அன்று பின்னேரம் ஆடுகளுக்கெல்லாம் இரண்டு பங்கு குழை கிடைத்தது.

ஆனால் அந்தப் பின்வளவில் சஹன் வைக்க முடியாது. நடுவில் ஒரு பள்ளம். மழை வந்தால் வாத்து நீந்தும். மண் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் கமறியாவுக்கு அந்த யோசனை உதித்தது. களப்புக் கரையில் சாதாளை குவிந்து கிடக்கிறது. அலை கொண்டுவந்து ஒதுக்குகிற கடற்புல், நாடா நாடாவாக, யாருக்கும் வேண்டாமல். தென்னைக்குப் பசளையாகப் போடுகிறோமே, பள்ளத்துக்குப் போட்டால் என்ன? அபூசாலி ஏழு நடை ஏற்றி வந்து கொட்டினார். அதன் மேல் ஒரு சாண் கடல்மணல். கமறியா ஏறி நடந்து பார்த்தாள். மெத்தை! ஊரில் எந்த மண்டபத்தில் இப்படி ஒரு தரை இருக்கிறது? வருகிற போகிற பெண்களையெல்லாம் செருப்பைக் கழற்ற வைத்து ஒரு சுற்று நடக்கவைத்தாள். மணல் உலர்ந்து புழுதி கிளம்பக் கூடாது என்று தினமும் மீன் கழுவின தண்ணீரையும் அதன் மேல்தான் ஊற்றினாள்.

மூன்று கிழமை கழிந்தது. முதலில் ஆடுகள் காலை உதைத்தன. பிறகு அபூசாலி உதைத்தார். பிறகு ஷஸ்னா கத்திக்கொண்டு வந்தாள்.

"உம்மா, கால் முழுக்க தடிச்சிருக்கு பாருங்க! மருதோண்டி வெக்கிற எடத்துல எல்லாம் புள்ளி புள்ளியா. நான் என்ன அம்மை வந்த பொண்ணா?"

"புள்ளிய சுத்தி ஒரு பூ வரஞ்சா சரி" என்றாள் உம்மா. சொல்லிவிட்டு, வழக்கம் போலச் சிரித்தாள். மகள் மூன்று மணி நேரம் கதைக்கவில்லை.

போர் தொடங்கியது. முதலில் வேப்பிலைப் புகை. கமறியா ஒரு வேலையைக் கொஞ்சமாகச் செய்து பழக்கப்பட்டவள் அல்ல. நாலு மூலையிலும் நாலு குவியல் மூட்டினாள். புகை பக்கத்து மூன்று வீட்டுக்கும் போனது. இருமிக்கொண்டு ஓடி வந்த அயல்பெண்களோடு ஈக்களும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிட்டன. அடுத்தது மாப்பிள்ளை றஸீன் தொலைபேசியில் தேடிப் பிடித்துச் சொன்ன வழி. நீல வாளியைக் கவிழ்த்து அதன் மேல் கிறீஸ் பூசி வைத்தால் ஈ வந்து ஒட்டுமாம். ஒட்டத்தான் செய்தது. ஈயோடு இரண்டு கோழிக்குஞ்சும் ஒட்டின. அதை விடுவிக்கப் போன அபூசாலியின் சாரமும் ஒட்டியது. மனுஷன் வாளியோடு, விருந்துக்குப் போட்டிருந்த ஓலைப் பந்தலைச் சுற்றி நடந்த காட்சியைப் பார்த்து மகளே சிரித்துவிட்டாள்.

மூன்றாவது வழி கமறியாவின் சொந்த மூளையில் பிறந்தது. கற்பிட்டிப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லாமல் கழுதைகள் திரியும். அதில் ஒன்றை வத்தகப்பழத் தோல் காட்டிக் கூட்டி வந்து வளவின் கடைசித் தென்னையில் கட்டினாள். ஈயெல்லாம் கழுதையிடம் போய்விடும், நமக்குத் தொல்லை இல்லை. யோசனையில் பிழை இல்லை. ஈயெல்லாம் கழுதையிடம்தான் போயின. கழுதைதான் அதற்குச் சம்மதிக்கவில்லை. முதல் கடிக்கு ஒரு குதி, பத்தாவது கடிக்குக் கயிறு அறுந்தது. பந்தலின் இரண்டு கால்களைப் பிடுங்கிக்கொண்டு, கொடியில் காய்ந்த ஷஸ்னாவின் உள்பாவாடையைத் தலையில் போட்டுக்கொண்டு, அது வீதியில் இறங்கி ஓடியது. எதிரே சைக்கிளில் வந்த மோதினார் ஓரமாக இறங்கி நின்று வழி விட்டாராம்.

"மண்டபத்துக்காரனுக்குச் சொல்லட்டா?" என்று அன்று பின்னேரம் அபூசாலி மெதுவாகக் கேட்டார். "இன்னும் எடம் இரிக்கிதாம்."

கமறியா சிரிக்கவில்லை. பேட்டைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம் என்றால் கதிரை. கதிரை என்றால் மபாஸா மூலையில். இந்தக் கல்யாணத்தையும் விட்டால் தங்கச்சி பிறகு எதற்கு வரப்போகிறாள்? யாராவது மௌத்தானால்தான்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அனஸ்தாசியா வந்தாள். தலவிலப் பக்கத்து மீன்காரி. ஸ்கூட்டியின் பின்னால் பெட்டி கட்டி, வாரத்துக்கு மூன்று தரம் வருகிறவள். மீனை நிறுக்கும்போதே அவள் காலை உதறினாள்.

"அக்கா, இது எங்கட கரையில வாற ஈயல்லோ. சாதாளை குவிஞ்சு அழுகினா கிளம்பும். அந்த நாளையில மீன் வாடிக்குள்ள ஒருத்தரும் இருக்கேலாது. உங்கட வளவுக்கு எப்படி வந்தது? இங்க எங்க சாதாளை?"

கமறியா குனிந்து தன் காலைப் பார்த்தாள். கால் மெத்தென்று அமிழ்ந்திருந்தது. கையிலிருந்த அகப்பையாலேயே மணலைக் கிளறினாள். உள்ளே கறுத்து நாறின கடற்புல். அதற்குள் அரிசி அரிசியாகப் புழு, நெளிந்துகொண்டு, கொழுகொழுவென்று, மீன் தண்ணீர் குடித்து வளர்ந்த செல்வங்கள்.

"யா அல்லாஹ்!" என்றாள். "நானே பாய் விரிச்சி, நானே தண்ணி ஊத்தி, நானே வளத்து, நானே பேட்டால அடிக்கிறேன்!"

பிறகு வந்தது சிரிப்பு. நிற்க முடியாமல் அந்த மெத்தை மேலேயே உட்கார்ந்து, உட்கார்ந்ததும் கடி வாங்கி எழுந்து, எழுந்ததும் மறுபடி சிரித்து, அனஸ்தாசியாவையும் பிடித்து இழுத்துச் சிரிக்க வைத்தாள். மீன் பெட்டியைப் பூனை திறந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

கொட்டினதையெல்லாம் அள்ள வேண்டும். ஏழு நடை வந்தது பதினொரு நடையாகப் போனது, மணலும் சேர்ந்துவிட்டது. அபூசாலி களப்புக் கரையில் கொண்டுபோய் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காயப்போட்டார், புழு சாகட்டும் என்று. கமறியா மண்வெட்டி பிடித்தாள், ஷஸ்னா கையில் உறையும் காலில் வாப்பாவின் காற்சட்டையுமாகக் கடகம் தூக்கினாள். மணப்பெண்ணை இந்தக் கோலத்தில் யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று யாருக்கும் கவலை இல்லை. இரண்டாம் நாள் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது பள்ளம் துப்புரவாகிவிட்டது. துப்புரவானதோடு முன்பை விட ஒன்றரை மடங்கு ஆழமாகவும் ஆகியிருந்தது. அதை மூடவோ மண்ணும் இல்லை, நாளும் இல்லை.

"உள்ளேயே பாய் போடுவோம்" என்றாள் கமறியா.

அபூசாலி விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "விருந்துக்கு வந்த ஆக்கள நாமளே குழிக்குள்ள எறக்கிறதா?" என்றார் முகம் மாறாமல். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் பகிடி அது. கமறியா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு மூன்று படி வெட்டினார்கள், சுண்ணாம்பு தூவினார்கள், பந்தலுக்குப் புதிதாக ஓலைக் கிடுகு வேய்ந்தார்கள். ஈ குறைந்தது. முழுக்கப் போகவில்லை. ஏற்கெனவே சிறகு முளைத்தவற்றுக்கு வளவு பிடித்துப்போய்விட்டது.

கல்யாண நாள். பள்ளியில் நிக்காஹ் முடிந்து, லுஹருக்குப் பிறகு ஆண்களுக்கு முன்வளவில் சாப்பாடு. பெண்கள் பின்வளவில். பட்டுச் சேலைக்காரிகள் ஒவ்வொருவராக மூன்று படி இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து, சேலையைத் தூக்கி, "மெல்ல மெல்ல" என்று கீச்சிட்டு, கடைசிப் படியில் குதித்து, குதித்ததும் சிரித்து. நாலு மூலையிலும் வாடகைக் காத்தாடி. அது அடிக்கிற காற்றில் ஈ பறக்க முடியவில்லைதான், முக்காடும் நிற்கவில்லை.

மபாஸா கனமூலையிலிருந்து வேனில் வந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கமறியாவுக்குத் தங்கச்சி கண்ணாடி போட்டதே தெரியாது. மபாஸா பொதுவாக எல்லாருக்கும் ஸலாம் சொன்னாள், ஷஸ்னாவைக் கட்டிப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள், ராத்தா பக்கம் மட்டும் திரும்பவில்லை. தங்கச்சியை வீட்டுக்காரர் உட்காருகிற கடைசிச் சஹன் வரைக்கும் காத்திருக்க வைத்து, கையோடு இறக்கி, தன் இடப்பக்கத்தில் உட்கார வைத்தாள் கமறியா. முழங்காலும் முழங்காலும் முட்டியது. மாப்பிள்ளையின் உம்மா எதிரே. இன்னும் மூன்று பேர். நெய்ச்சோறு, அதன் மேல் பொரித்த கோழி, பக்கத்தில் அச்சாறு, மாசிச் சம்பல்.

ஐந்து கை சோற்றில் இறங்கியது. மபாஸா கை கழுவினாள், ஆனால் கழுவின கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கமறியா அன்றைக்கு ஒரு முடிவோடு வந்திருந்தாள். எது நடந்தாலும் சிரிப்பதில்லை. சமாளிக்க முடியாவிட்டால் முந்தானையைக் கடிப்பது. சோற்றை உருட்டினாள், வாய்க்குக் கொண்டு போகவில்லை. சாப்பிடு என்று சொல்லலாமா? சொன்னால் எழுந்துவிடுவாளா? அப்போதுதான் அது வந்தது. காத்தாடி அந்தப் பக்கம் திரும்பின சமயம் பார்த்து, ஒரே ஒரு ஈ, கமறியாவின் இடது கன்னத்தில் உட்கார்ந்தது. தட்டினால் ஈ இருப்பது தங்கச்சிக்குத் தெரிந்துவிடும். விருந்துக்குக் கூப்பிட்டு ஈக்குத் தீனி போட்டாள் என்று ஆகிவிடும். கமறியா அசையவில்லை. ஈ கடித்தது. அசையவில்லை. நிதானமாக இடம் மாறி இன்னொரு தரம் கடித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் எதிரே இருந்த மாப்பிள்ளையின் உம்மாவைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினாள்.

பளார்!

காத்தாடிச் சத்தம் தவிர மற்றதெல்லாம் நின்றது. மாப்பிள்ளையின் உம்மாவின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மற்றச் சஹன்காரிகள் எல்லாம் திரும்பினார்கள். பதினொரு வருஷத்துக் கோபம், இவ்வளவு பேருக்கு முன்னால், கல்யாண வீட்டில், கன்னத்தில். ஒருத்தி "அல்லாஹ்வே" என்று வாயைப் பொத்தினாள்.

மபாஸா கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கையில் நசுங்கின ஈ. பக்கத்தில் ஒரு சொட்டு இரத்தம், அவளுடைய ராத்தாவின் இரத்தம்.

"ராத்தா, அது கடிச்சிக் குடிக்கிது, நீங்க சும்மா இரிக்கிறீங்க. ஒங்களுக்கு விசரா?"

"நீ ஈயப் பாத்துட்டு எழும்பிப் போயிருவேண்டு..." என்றாள் கமறியா.

மபாஸா கண்ணாடிக்குள் இருந்து அவளைப் பார்த்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாகத் தெரிந்தன, நடுவில் இரண்டு கடித் தடிப்பு. மபாஸாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி மறுபடி கையைக் கழுவினாள். பிறகு அந்தக் கையைச் சஹனில் வைத்தாள். கோழியில் நல்ல சதைப் பக்கமாகப் பிய்த்து, சோற்றின் மேலாகவே நகர்த்தி, ராத்தாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். சஹனில் அப்படி நகர்த்தி வைப்பது நெஞ்சுக்கு நெருக்கமானவர்களுக்குத்தான் என்று அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும்.

கமறியா அந்தத் துண்டைப் பார்த்து அழுதாள். முந்தானை கையிலேயே இருந்தும் துடைக்கத் தோன்றவில்லை.

"தின்னுங்க ராத்தா" என்றாள் மபாஸா, தன் வாயிலும் ஒரு பிடி சோற்றை வைத்துக்கொண்டு. "ஈ மொய்க்க முந்தித் தின்னுங்க."